கோலி சோடா ஜப்பானிலிருந்து வந்ததா?

கேள்வி, ஏப்ரல் 4

என் மகள் ஜப்பான் கார்ட்டூன் ஒன்றைப் பார்த்துவிட்டு "அப்பா, ராமுனே வேணும்" என்றாள். என்னவென்று தேடினால் நம்ம கோலி சோடாவேதான். அதே கழுத்து, அதே கோலி. ஜப்பான்காரன் கண்டுபிடித்ததை நாம் காப்பி அடித்துவிட்டோம் என்கிறார் ஆபீஸில் ஒருவர். இன்னொருவர், அது தமிழனின் பாரம்பரியம், இங்கிருந்துதான் அங்கே போனது என்கிறார். எது சரி?

ஏப்ரல் 4, இரவு

இரண்டும் சரியில்லை. அந்தப் புட்டி இங்கிலாந்துச் சரக்கு. ஹைரம் காட் என்பவர் செய்தது. அவர் பார்த்த உத்தியோகத்தைக் கேளுங்கள்: தக்கை விற்கும் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது. சோடாப் புட்டிக்குத் தக்கை எவ்வளவு பெரிய தொல்லை என்பதை அவரைவிட நன்றாக யார் பார்த்திருக்க முடியும்? உள்ளேயிருந்து கேஸ் முட்டும், தக்கை பறக்கும். பறக்காமல் இருக்கக் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். தக்கை காய்ந்து சுருங்கினால் கேஸ் கசிந்து வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். 1870களின் தொடக்கத்திலேயே தக்கை வேண்டாத புட்டிக்கு அவர் காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஜப்பான் கதை அதற்கும் பிந்தியது. கோபே துறைமுகத்தில் அலெக்சாண்டர் காமரான் சிம் என்ற ஸ்காட்லாந்து மருந்துக்கடைக்காரர் 1884இல் லெமனேடை விற்கத் தொடங்கினார். 'லெமனேட்' என்ற சொல்தான் ஜப்பானியர் வாயில் 'ராமுனே' ஆனது. ராமுனேயும் கோலி சோடாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், வளர்ந்த ஊர்தான் வேறு. வடநாட்டில் இதையே 'பண்ட்டா' என்பார்கள். பஞ்சாபியில் பண்ட்டா என்றால் கோலிக்குண்டு.

இங்கிலாந்துக்காரர்கள் 'காட்ஸ்வாலப்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், உளறல் என்று அர்த்தம். அதுகூட இந்தக் காட் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஏப்ரல் 5, காலை

நேற்று அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். கோலி சோடாவுக்கு மூடி எது? கோலி என்போம். கோலியை அங்கே நிறுத்தி வைத்திருப்பது யார்? உள்ளே அடைபட்ட கேஸ். எது வெளியே போகத் துடிக்கிறதோ அதுவே கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேஸ் எவ்வளவு பலமாக முட்டுகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கோலி வாயில் உட்காரும். தக்கையில் இது நேர்தலைகீழ்: கேஸ் கூடக் கூடத் தக்கை கழன்றுகொள்ளப் பார்க்கும். எதிரியையே காவலுக்கு வைத்த புத்தி என்று எனக்கு இதில் தீராத வியப்பு. நாற்பது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஒரு புட்டியைக் கையில் எடுத்துக் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வாய்க்குள் ஒரு காடி, அதில் ரப்பர் வாஷர். கீழே வந்தால் கழுத்து இரண்டு பக்கமும் நசுங்கி இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கம்தான் கோலியை வயிற்றுக்குள் விழாமல் தடுக்கிறது. ஒடுக்கத்துக்கு மேலே, ஒரே பக்கத்தில், விரலால் அமுக்கியதுபோல் இரண்டு பள்ளம். வெளியே பள்ளம் என்றால் உள்ளே மேடு. அது எதற்கு என்று தெரியாமலே நம்மில் பாதிப் பேர் சோடா குடித்து வளர்ந்திருக்கிறோம்.

ஏப்ரல் 5, மதியம்

"கோலி உள்ளே எப்படிப் போனது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சின்ன வயசில் எங்கள் தெருவே இதைக் கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டது. புட்டியை ஊதும்போதே கோலியை வைத்து ஊதுவார்கள் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அப்படியில்லை. முதலில் வாய் அகலமாகவே இருக்கும். கோலியைப் போட்டுவிட்டு, கண்ணாடி சூடாக இருக்கும்போதே உதட்டைச் சுருக்கிக் காடி எடுத்துவிடுவார்கள். ரப்பர் வளையம் கடைசியாக, ஆறிய பிறகு.

காட் இதில் வியாபாரியும்கூட. மற்ற கண்ணாடிப் பட்டறைகளுக்கு உரிமம் கொடுத்தார். கோலியையும் ரப்பர் வளையத்தையும் மட்டும் தன்னிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை.

கோலிக்காகவே பிள்ளைகள் புட்டியை உடைத்தது இங்கே மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்துப் பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். பழைய காட் புட்டிகள் முழுசாகக் கிடைப்பது அங்கே அபூர்வமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏப்ரல் 6, இரவு

என் தாய்மாமா உசிலம்பட்டிப் பக்கம் சோடாக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஓடு வேய்ந்த ஒரு அறை, ஒரு தொட்டி, ஒரு கேஸ் சிலிண்டர், கையால் சுற்றும் மிஷின் ஒன்று. முழுப்பரீட்சை லீவுக்கு நான் அங்கேதான். 1980களின் தொடக்கம்.

அதிகாலை நாலு மணிக்கே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடிக்கத்தான். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரை மண்பானைகளில் ஊற்றி வைத்திருப்பார்கள். அத்தை புட்டியைக் கழுவித் தருவார். மாமா ஒவ்வொரு புட்டியாகக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு காசால் தட்டுவார். 'கிண்' என்றால் மிஷினுக்கு. 'தட்' என்றால் மூலையில் சாக்குக்கு. கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியும் என்பார்.

மிஷினில் இரண்டு புட்டியைப் பொருத்திக் கூண்டைச் சாத்தி, கேஸைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து நாலைந்து சுற்று சுற்றுவார். புட்டிகள் குப்புறப் போய்க் குப்புறப் போய் நிமிரும். "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு மாப்ள" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னாலும் நூறு தடவையும் நான் திருப்ப வேண்டும்.

ஒரு சித்திரை மாசம் 'கிண்' என்ற புட்டியே வெடித்தது. கூண்டின் கம்பி வலை அறுந்து கண்ணாடி வெளியே வந்தது. மாமாவுக்கு இடது முழங்கைக்குக் கீழே ஏழு தையல். நான் முகத்தைத் திருப்பியிருந்தேன். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் இன்றைக்கு எனக்கு இந்தக் கண் இருந்திருக்காது. கோலி சோடாவைப் பற்றி யார் என்ன எழுதினாலும் 'பழைய நினைவு, குளுகுளு' என்றுதான் எழுதுகிறார்கள். இதை நிரப்பியவர்களின் கையைப் பார்த்தவன் நான். ஆகவே இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

கையுறை என்றால் சாக்கைத் தைத்துப் போட்டுக்கொள்வது. கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது.

கடைக்கு வருபவர்களுக்கு அவர் போட்டுத் தரும் எலுமிச்சை சோடாவுக்கு ஈடு இல்லை. டம்ளரில் முதலில் உப்பு, பிறகு சாறு, பிறகு சோடா. உப்போடு சோடா வினைபுரிந்து குபுகுபுவென்று டம்ளரைத் தாண்டிப் பொங்கும், அதற்குள் வாயை வைத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 7

'காட்ஸ்வாலப்' பற்றி நான் எழுதியது தவறு. காட் செத்தது 1887இல். அந்தச் சொல் அச்சில் தலைகாட்டுவது 1950களில்தான். நடுவில் அறுபது எழுபது வருஷம் ஒரு தடயமும் கிடையாது. யாரோ ஒலி ஒற்றுமையை வைத்துப் பின்னால் கட்டிய கதை. நானும் நம்பி எழுதிவிட்டேன். அந்த வரியை அழிக்காமல் விடுகிறேன், திருத்தம் இங்கே இருக்கிறது.

ஏப்ரல் 7, மாலை

ஒருவர் சொல்லியிருப்பது: "கேஸ்தான் மூடி என்கிறீர்கள். முதன்முதலில் கோலி மேலே எப்படிப் போகும்? கண்ணாடிக் கோலி மிதக்காதே." சரியான கேள்வி, நான் எழுதியதில் ஓட்டை இருக்கிறது. நிமிர்ந்த புட்டியில் கேஸ் கோலியைத் தூக்கிக்கொண்டு போகாது. அதற்காகத்தான் புட்டியைக் குப்புறக் கவிழ்ப்பது. கவிழ்த்ததும் கோலி தன் கனத்தால் வாய்க்கு வந்து வாஷரில் உட்காரும். அதற்குப் பிறகுதான் கேஸின் வேலை. மாமா கைப்பிடியைச் சுற்றியதில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது: கேஸ் தண்ணீரில் கலந்தது, கோலி தன் இடத்துக்குப் போனது.

ஏப்ரல் 8

சோடா என்ற பெயரைப் பற்றி. இன்றைய சோடாவில் சோடா இல்லை! தண்ணீரும் கரியமில வாயுவும்தான். பழைய காலத்தில் சோடா உப்பைச் சேர்த்துச் செய்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.

வாயுவைத் தண்ணீரில் கலந்து குடிக்கலாம் என்று காட்டியவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1767இல் லீட்ஸ் நகரில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் பீர் காய்ச்சும் கூடம். புளிக்கும் பீர்த் தொட்டியின் மேல் ஒரு வாயு தங்கி நிற்பதைப் பார்த்து, அதற்குள் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்தார். தண்ணீர் சுருக்கென்று ஆனது. 1772இல் செய்முறையைச் சின்னப் புத்தகமாகவே போட்டுவிட்டார். கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்று அப்போது பெரிய நம்பிக்கை. ஆகவில்லை. அந்த நோய்க்குக் காரணம் வைட்டமின் சி குறைவு, வெறும் சோடாவில் அது கிடையாது. எலுமிச்சையைப் பிழிந்திருந்தால் வேலை செய்திருக்கும், எங்கள் மாமா கடைபோல.

காசு பார்த்தவர் பிரீஸ்ட்லி இல்லை. 1783இல் ஜெனீவாவில் கம்பெனி தொடங்கிய ஷ்வெப். அந்தப் பெயர் இன்றைக்கும் சோடாப் புட்டியில் இருக்கிறது.

ஏப்ரல் 8, இரவு

"உடம்பு சரியில்லை என்றால் ஏன் சோடா வாங்கித் தருகிறார்கள்?" இது கேள்விக்குள் வராது, ஆனாலும் சொல்கிறேன். வயிறு உப்பியிருந்தால் ஏப்பம் வரும், அந்த நிம்மதி நிஜம். ஏப்பத்தில் வருவது பெரும்பாலும் இப்போது குடித்த சோடாவின் வாயுவேதான். அஜீரணம் அதனால் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம்மூரில் யாராவது மயங்கி விழுந்தால் "சோடா கொண்டாங்கப்பா" என்று நாலு குரல் எழும். முகத்தில் தெளிக்கப் பச்சைத் தண்ணீரே போதும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

சோடா நாக்கில் சுருக்கென்று குத்துவது எதனால்? குமிழி வெடிப்பதால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குமிழியே வர முடியாத அளவுக்கு அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆட்களை உட்கார வைத்துக் குடிக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள். அப்போதும் குத்தியது. கரியமில வாயு நாக்கின் ஈரத்தில் அமிலமாக மாறுகிறது, நரம்புக்கு அந்த அமிலம்தான் தெரிகிறது. இந்த மாற்றத்தை வேகப்படுத்தும் நொதி ஒன்று புளிப்பை அறியும் செல்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதை 2009இல் கண்டார்கள். மலையேறுகிறவர்கள் தலைசுற்றலுக்குப் போடும் அசிட்டசோலமைடு மாத்திரை இந்த நொதியை அடக்கிவிடும். போட்டவர்களுக்குச் சோடாவும் பீரும் சப்பென்று இருக்கும். புட்டியில் கேஸ் அப்படியேதான் இருக்கும், நாக்குக்குத்தான் தெரியாது.

ஏப்ரல் 10

உப்பு விஷயத்தில் ஒரு வேதியியல் ஆசிரியர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. 6ஆம் தேதி "உப்போடு சோடா வினைபுரிந்து" என்று எழுதினேன். வினை எதுவும் இல்லை. உப்புக் கல்லின் சொரசொரப்பில் ஒளிந்திருக்கும் இம்மியளவு காற்று, கரைந்திருக்கும் வாயு குமிழியாகத் திரள இடம் கொடுக்கிறது. அவ்வளவுதான். சர்க்கரை போட்டாலும் பொங்கும், சுத்தமான ஆற்று மணலைப் போட்டாலும் பொங்கும். வீட்டில் உப்பு, சர்க்கரை இரண்டையும் போட்டுப் பார்த்தேன். பொடி உப்புக்கு மேஜையே நனைந்தது.

ஏப்ரல் 11

பேச்சு சொல்லுக்குத் திரும்பிவிட்டது. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அவர்கள் ஊரில் எந்தக் குளிர்பானமும் 'சோடா'தான் என்கிறார். எங்கள் பக்கம் அது 'கலரு'. விருந்தாளி வந்தால் "ஓடிப்போய் ரெண்டு கலரு வாங்கிட்டு வா". ஆரஞ்சா, பன்னீரா, திராட்சையா என்பதெல்லாம் கடைக்காரர் கையில். சோடா என்றால் வெள்ளைச் சோடா மட்டும்.

சோடாவை 'உடைப்பது' என்கிறோமே, அதை யோசித்துப் பாருங்கள். எதுவும் உடைவதில்லை. மரக்கட்டையை வாயில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு, கோலி உள்ளே இறங்கும், 'ப்ஸ்ஸ்'. என்றாலும் "ஒரு சோடா உடைங்க" என்றுதான் கேட்போம், தேங்காய் உடைப்பதுபோல. கட்டை இல்லாமல் கட்டை விரலாலேயே மாமா உடைப்பார். அந்த விரலின் நுனி கடைசிவரை தழும்பேறியே இருந்தது. இருந்தது என்று எழுதிவிட்டேன், இருக்கிறது. எழுபத்தெட்டு வயசு, நன்றாக இருக்கிறார்.

கட்சிக் கூட்டம் நடக்கிற நாளில் பெட்டிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். மேடைக்கு அரை டஜன் மட்டும் போகும், பேச்சாளர் தொண்டைக்கு. அடிதடி வந்தால் முதலில் பறப்பது சோடாப் புட்டிதான் என்பது அவருக்குத் தெரியும். எறிந்தவனைவிட, "யார் கடைப் புட்டி?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள் என்ற பயம்தான் அவருக்கு.

ஏப்ரல் 12

"1977இல் கோக் வெளியேறியபோது அந்த இடத்தை கோலி சோடா பிடித்ததாமே?" அந்த இடத்துக்குப் போட்டி போட்டவை வேறு. வெளிநாட்டுக் கம்பெனிகள் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற சட்டம், ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சர், கோக் பெட்டி கட்டியது. தம்ஸ் அப் வந்தது, கேம்பா கோலா வந்தது, அரசுக் கம்பெனியே 'டபுள் செவன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 77 என்ற வருஷத்தின் பெயரில். இவையெல்லாம் தகர மூடி போட்ட புட்டிகள். காட் புட்டியை உலகம் முழுக்க ஓரங்கட்டியதும் அந்தத் தகர மூடிதான். பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை வாங்கியது. கழுவ எளிது, அடைக்க வேகம், விலையும் அற்பம். கோலிப் புட்டிக்குள் பிரஷ் போகாது, ஒடுக்கத்தில் முட்டிக்கொள்ளும். அத்தை வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் தோளே இறங்கிவிட்டது. புட்டியில் அழுக்கு என்று ஜனங்கள் முகம் சுளித்ததில் நியாயம் இருந்தது.

தகர மூடிக்காரர்களிலும் நம்மவர்கள் உண்டு. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ தெரியாதவர் இருக்க முடியாது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது பெட்டிக்கடையில் முன்வரிசைக்கு வந்தது அதுதான். கோலி சோடாவும் அப்போது கொஞ்சம் தலை நிமிர்ந்தது. 2025 மார்ச்சில் ஒன்றிய வணிக அமைச்சகம் கோலி சோடா ஏற்றுமதியைப் பற்றிப் பெருமையாக அறிக்கையே விட்டது. வளைகுடாக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆபீஸ் நண்பர் 'பாரம்பரியம்' என்று சொன்னதை நான் முழுக்கத் தள்ளவில்லை. பிறந்த ஊர் கைவிட்ட புட்டியை வைத்துக் காப்பாற்றியவர்களுக்கு அதில் பாத்தியதை உண்டு. கண்டுபிடித்தோம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 14, இரவு

வருஷப் பிறப்புக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். இங்கே எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தினார்.

ஒன்று, வெடித்த புட்டி. 'கிண்' என்ற புட்டி என்று எழுதியிருக்கிறேனே, அது தப்பாம். அன்றைக்கு ஆர்டர் நெருக்கியதால் அந்தப் பெட்டியை அவர் தட்டிப் பார்க்கவே இல்லையாம். "ஒங்கிட்ட அன்னைக்கி நான்தான் மாப்ள பொய் சொன்னேன். அத்தை வையும்னு." நாற்பது வருஷம் கழித்துச் சொல்கிறார். அத்தை அடுப்படியிலிருந்து, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

இரண்டு, அதிகாலை நாலு மணி. வெயிலுக்குப் பயந்து என்று எழுதியிருந்தேன். "வெயிலுக்கில்ல. தண்ணி குளுந்திருந்தாத்தான் கேஸ் புடிக்கும். உச்சியில அடிச்சா எவ்வளவு சுத்துனாலும் சப்புனுதான் இருக்கும்." மண்பானை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வந்து பார்த்தேன்: சாதாரண காற்றழுத்தத்தில் 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 1.7 கிராம் கரியமில வாயு கரையும். பூஜ்ய டிகிரியில் சுமார் 3.3 கிராம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாமா ஐந்தாம் வகுப்பு. இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மிஷின் சுற்றிச் சுற்றிக் கைக்குத் தெரிந்தது.

பரணில் ஒரே ஒரு புட்டி மிச்சம் இருக்கிறது. வாஷர் பொடிந்துவிட்டது, கோலி மட்டும் உள்ளே உருள்கிறது.

ஏப்ரல் 15

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: மகளுக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தாராம், ஒரு வாய் வருவதற்குள் கோலி உருண்டு வந்து அடைத்துக்கொள்கிறதாம், பிள்ளை குலுக்கிக் குலுக்கிச் சட்டையெல்லாம் பன்னீர். அந்த இரண்டு பள்ளம் எதற்கு என்று 5ஆம் தேதி சொல்லாமல் விட்டது என் தவறு. பள்ளம் இருக்கிற பக்கம் தரையைப் பார்க்கும்படி புட்டியைச் சாய்க்கச் சொல்லுங்கள். கோலி உருண்டு வந்து அந்த இரண்டு மேட்டில் தங்கிக்கொள்ளும், வாய்க்கு வராது. ராமுனே கிடைத்தாலும் இதே முறைதான்.